இரவு மேட்ச்சில் இடி மின்னல்: ஆட்டத்தை எப்போது நிறுத்துவது?

கேள்வி: குடியாத்தம் பக்கம் எங்கள் ஊரில் மே மாதம் இரவு நேர டென்னிஸ் பால் கிரிக்கெட் போட்டி நடத்துகிறோம். போன முறை அரையிறுதியில் காற்றும் இடியும் வந்தது. மழைதான் இல்லையே, ஆடலாம் என்றது ஒரு அணி. நிறுத்தச் சொன்னது இன்னொரு அணி. எதை வைத்து முடிவெடுப்பது? ஷாமியானாவுக்குள் ஒதுங்கினால் போதுமா?

பதில்: மழையை வைத்து முடிவெடுக்கவே கூடாது. மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் இறங்கும். மின்னல் வெட்டியதும் விநாடிகளை எண்ணுங்கள். இடிச்சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஆட்டம் அந்தப் பந்தோடு நிற்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் போன பிறகுதான் மறுபடி மைதானம். நடுவில் ஒரு இடி கேட்டாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலிலும் இதே 30 நிமிடக் கணக்குதான்.

ஆனால் இரவு மேட்ச்சில் பெரிய சிக்கல் வேறு. ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில் தூரத்து மின்னல் கண்ணுக்குத் தெரியாது. ஜெனரேட்டரும் மைக் செட்டும் போடும் சத்தத்தில் இடி காதில் விழாது. மதிய வெயிலில் ஜவ்வாது மலையிலும் ஆந்திர எல்லை மலைகளிலும் கட்டும் மேகம் பொழுது சாய்ந்து சமவெளிக்கு வருவது நம் பக்கத்து வழக்கம். மைதானத்துக்குள் இருப்பவர்களுக்கு அது தலைக்கு மேல் வந்த பிறகுதான் தெரியும். அதனால் வெளிச்சத்துக்கு வெளியே, ஜெனரேட்டரிலிருந்து தள்ளி ஒருவரை வானம் பார்க்க வையுங்கள். அவர் கையில் மின்னல் எச்சரிக்கை தரும் 'தாமினி' (Damini) செயலி இருக்கட்டும். புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிலையம் தயாரித்தது. அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம் என்று டாஸுக்கு முன்பே இரண்டு கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எத்தனை ஓவர் முடிந்தால் முடிவு செல்லும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இது இல்லாவிட்டால் பரிசுத் தொகை பேச்சு வந்து, கூட்டம் இடியில் நின்றுகொண்டே சண்டை போடும்.

ஷாமியானா பாதுகாப்பே இல்லை. மின்னலைத் தடுக்காது, மழைக்கு முன்னால் வருகிற புழுதிக்காற்று அதைக் கம்பியோடு பிடுங்கிவிடும். நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை, புளியமரத்தடி, லைட் கம்பம், ஆட்டோ எதுவும் உதவாது. பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் மாதிரி கான்கிரீட் கட்டடத்தின் சாவியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார், வேன், பஸ். அறிவிப்பாளர் கம்பி மைக்கைக் கீழே வைத்துவிட்டு, பேட்டரி மெகாஃபோனில் ஒரே ஒருமுறை, எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிட்டு அவரும் கிளம்ப வேண்டும். லைட்டை உடனே அணைக்காதீர்கள். இருட்டில் கூட்டம் முட்டி மோதும். கடைசி ஆள் உள்ளே போகும்வரை எரியட்டும்.

அப்படியும் யாராவது மின்னல் தாக்கி விழுந்தால், அவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயப்பட வேண்டாம். உடலில் மின்சாரம் தங்காது. பலர் விழுந்திருந்தால் முனகுகிறவரை விட்டு, பேச்சுமூச்சில்லாமல் கிடப்பவரிடம் முதலில் ஓடுங்கள். இதயம் நின்று போனவருக்குத்தான் அந்த நிமிடமே உதவி வேண்டும். ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, வேகமாக அழுத்தி அழுத்தி விட வேண்டும். கை ஓய்ந்தால் ஆள் மாறுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.