உறுமியதற்கு அதட்டினோம், இப்போது சத்தமில்லாமல் பாய்கிறாள்

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று நாய்கள். மீனுவுக்கு 9 வயது, டாமிக்கு 5, பொன்னிக்கு இரண்டேகால். பொன்னியைக் குட்டியாகக் கொண்டுவந்தபோது மீனுதான் தாய் மாதிரிப் பார்த்துக்கொண்டாள். இரண்டு வருடம் ஒரே பாயில் படுத்தவர்கள். போன மாதம் மட்டும் மூன்று சண்டை. முதல் சண்டை, நான் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது. இரண்டாவது, மீனு சோபாவில் என் பக்கத்தில் படுத்திருந்தபோது. மூன்றாவது, சமையலறையில் கீழே விழுந்த ஒரு துண்டு இறைச்சிக்காக. பொன்னிக்குக் காது கிழிந்து நான்கு தையல். டாமி சுற்றிச் சுற்றிக் குரைக்கிறான். முன்பெல்லாம் மீனு உறுமுவாள். "பெரியவள் இப்படிச் செய்யலாமா?" என்று அதட்டி அதட்டி அந்தப் பழக்கத்தை நிறுத்தினோம். இப்போது சத்தமே இல்லாமல் பாய்கிறாள். "யார் தலைவி என்று அவைகளே அடித்துக்கொண்டு முடிவு செய்யட்டும்" என்கிறார் கணவர். "மூத்தவளுக்கே எல்லாம் முதலில் கொடு, சின்னவள் அடங்கிவிடுவாள்" என்கிறாள் தங்கை. பொன்னியை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டுமோ என்று நினைத்தாலே அழுகை வருகிறது. என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

பொன்னியை என்ன செய்வது என்று இன்று முடிவெடுக்க வேண்டாம். மீனுவையும் பொன்னியையும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாதபடி இரண்டு அறைகளில் வையுங்கள். இரண்டு வாரமாவது அப்படியே இருக்கட்டும். நீங்கள் அவர்களை முறை வைத்து மாற்றி மாற்றி வெளியே விடலாம், தனித்தனியாக நடக்கக் கூட்டிப்போகலாம். ஒரே மாதத்தில் மூன்று முறை மோதிய நாய்களுக்கு உடம்பிலும் மனத்திலும் ஏறிய பதற்றம் ஒரு ராத்திரியில் இறங்காது. அது இறங்குவதற்குள் மறுபடி நேருக்கு நேர் நின்றால், முன்பு பொறுத்துப்போன சின்ன விஷயத்துக்கும் பாய்வார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்த வரி, மீனு உறுமுவதை நிறுத்திவிட்டாள் என்பது. நாய்க்கு உறுமல் ஒரு பேச்சு. "இதற்கு மேல் கிட்டே வராதே" என்று அது வாய்விட்டுச் சொல்லும் சொல். அதற்கும் முன்னால் சத்தமில்லாத பல சொற்கள் இருக்கின்றன: முகத்தைத் திருப்பிக்கொள்வது, உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, தலையை அசைக்காமல் ஓரக்கண்ணால் பார்ப்பது (அப்போது கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரியும்), உடம்பு மரக்கட்டை மாதிரி விறைப்பது. இவை எதற்கும் பலன் இல்லாதபோதுதான் உறுமல். நீங்கள் அதட்டியதும் மீனுவின் எரிச்சல் போய்விடவில்லை, அதைச் சொல்லும் வழிதான் போயிற்று. நல்லெண்ணத்தோடுதான் செய்தீர்கள், பெரும்பாலான வீடுகளில் நடப்பதும் இதுதான். இனி அவள் எப்போதாவது உறுமினால் திட்டாமல், சந்தோஷப்படுங்கள். பொன்னியை மெல்லக் கூப்பிட்டு அப்பால் அழைத்துப்போங்கள். சொன்னால் கேட்கிறார்கள் என்று மீனுவுக்குப் புரிந்தால் பேச்சு திரும்பி வரும். மாதங்கள் ஆகலாம்.

அடுத்த வேலை மருத்துவரிடம் போவது. காது தைத்த பொன்னிக்காகப் போயிருப்பீர்கள். இந்த முறை மீனுவுக்காகப் போங்கள். இரண்டு வருடம் ஒரே பாயில் படுத்தவள் 9 வயதில் திடீரென்று மாறுகிறாள் என்றால், குணத்தைப் பற்றி யோசிக்கும் முன் வலியைப் பற்றித்தான் நான் யோசிப்பேன். இடுப்பு, முழங்கால், முதுகு, பல், காதுக்குள் புண், பார்வை, கேட்கும் திறன், தைராய்டு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு நாய்களில் முன்பு இருந்த கிழவன் ஒருநாள் சின்னவனைப் பார்த்துச் சீற ஆரம்பித்தான். வயதாகிவிட்டது, முசுடாகிவிட்டான் என்று மூன்று வாரம் பேசிக்கொண்டிருந்தோம். வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல் உடைந்து உள்ளே சீழ். பல்லை எடுத்துப் புண் ஆறியதும் இருவரும் பழையபடி ஒட்டிப் படுத்தார்கள். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் மனம் கேட்பதில்லை.

நீங்கள் சொன்ன மூன்று சண்டைகள் நடந்த இடங்களைப் பாருங்கள். கதவருகே நெருக்கடி. சோபாவில் ஒருபக்கம் நீங்கள், மறுபக்கம் சாய்மானம். சமையலறையில் மேடைக்கும் சுவருக்கும் நடுவே. மூன்றிலுமே ஒருவர் விலகிப்போக வழியில்லை. பல நாய்கள் சேர்ந்து வாழும் வீட்டில் அமைதியைக் காப்பது மிரட்டுகிற நாய் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அதைக் காப்பது விலகிப்போகிற நாய். தலையைத் தாழ்த்தி, வாலைத் தழைத்து, உடம்பை வளைத்து ஓரமாகப் போகிறதே, அந்த நாய் விட்டுக்கொடுக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு சண்டை நடக்காமல் போகிறது. நமக்கு அது கண்ணில் படுவதே இல்லை. இத்தனை நாள் உங்கள் வீட்டில் அப்படி விலகிப்போனவள் மீனுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். குட்டியாக இருந்த பொன்னி தன் மேல் ஏறி விழுந்தபோதும், தட்டில் வாய் வைத்தபோதும் அவள் பொறுத்துக்கொண்டு எழுந்து போயிருப்பாள். இப்போது இடுப்பு வலித்தால் சோபாவிலிருந்து சட்டென்று இறங்க முடியாது. காது மந்தமானால் பொன்னி பின்னால் வருவது தெரியாது. விலக முடியாதவளுக்கு மிஞ்சுவது பல் ஒன்றுதான்.

பொன்னியும் இப்போது குட்டி இல்லை. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் நாய்க்கு மனமுதிர்ச்சி வருகிறது. "போ" என்றால் போன பிள்ளை, "ஏன் போக வேண்டும்?" என்று நிற்கும் வயது. ஒரே வீட்டு நாய்களின் சண்டையைப் பற்றி 2011-ல் வெளியான ஒரு ஆய்வு 38 ஜோடிகளை எடுத்துப் பார்த்தது. ஏறக்குறைய ஐந்தில் நான்கு ஜோடிகள் ஒரே பாலினம். பெண் நாய்கள் சம்பந்தப்பட்டவையே அதிகம். பெரும்பாலும் ஆரம்பித்து வைத்தது இளைய நாய் அல்லது வீட்டுக்குப் பிந்தி வந்த நாய். தூண்டியவை என்று பார்த்தால் வீட்டுக்காரரின் கவனம், திடீர்ப் பரபரப்பு, உணவு, கீழே கிடந்து கண்டெடுத்த பொருள். உங்கள் மூன்று சண்டைகளையும் இதில் வரிசையாக வைத்துவிடலாம்.

இதில் முதலில் கடித்தவர் யார், ஆரம்பித்தவர் யார் என்று இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பாய்ந்தது மீனு. அதற்கு ஐந்து விநாடி முன்னால் பொன்னி என்ன செய்துகொண்டிருந்தாள்? வழியை மறித்து நின்றாளா? மீனுவின் தோள் மேல் தாடையை வைத்தாளா? வாலைத் தூக்கிக்கொண்டு இமைக்காமல் பார்த்தாளா? இதுவரை உங்கள் கண் சண்டையின் மேல் இருந்திருக்கும். இனி அதற்கு முந்தைய கணத்தைப் பாருங்கள்.

உங்கள் கணவரின் யோசனைக்கு வருகிறேன். அவர் சொல்வது அவராகக் கண்டுபிடித்தது இல்லை; ஓநாய்களைப் பற்றிய பழைய ஆராய்ச்சியிலிருந்து பரவிய எண்ணம். 1947-ல் ருடால்ஃப் ஷென்கெல் என்ற விலங்கியலாளர், சுவிட்சர்லாந்தின் பாஸல் மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்துதான் "ஆல்ஃபா" (கூட்டத்தின் தலைவன்) என்ற சொல் புகழ்பெற்றது. ஓட இடமில்லாத அடைப்புக்குள் இருந்த ஓநாய்கள் அவை. பிற்பாடு டேவிட் மெக் என்ற ஆய்வாளர் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் 13 கோடைக்காலங்கள் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்துவிட்டு, 1999-ல் வேறு சித்திரத்தைத் தந்தார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். அங்கே பதவிக்காக யாரும் அடித்துக்கொண்டு மேலே வருவதில்லை, பெற்றோர் பிள்ளைகளை வழிநடத்துகிறார்கள். ஓநாயின் கதையே இப்படி என்றால், நம்மோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்து மாறிப்போன நாயை அந்த அளவுகோலால் அளப்பது சரியில்லை. நாய்களுக்குள் மேல் கீழ் என்பதே கிடையாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாய்களுக்கு நடுவே அது உண்டு. ஆனால் பந்துக்கு ஒருத்தி, படுக்கைக்கு இன்னொருத்தி என்று பொருளுக்குப் பொருள் மாறும். அடித்துக்கொண்டு அது தீர்வதும் இல்லை. ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டைக்குப் பயிற்சியாகத்தான் முடியும். "விட்டுப் பார்ப்போம்" என்ற யோசனையைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள். அடுத்த முறை காதோடு போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

தங்கை சொன்னதில் பாதி சரி. வரிசை இருந்தால் நாய்களுக்கு நிம்மதிதான். யாருக்கு எப்போது கிடைக்கும் என்று தெரிந்தால் முண்டியடிக்க வேண்டியதில்லை. ஆனால் மூத்தவளுக்குக் கொடுப்பதைச் சின்னவள் பார்த்துப் பணிந்துவிடுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். வியன்னாவில் ஒரு சோதனை செய்தார்கள். கை கொடு என்றால் இரண்டு நாய்களும் கொடுக்கும். ஒன்றுக்கு மட்டும் தின்பண்டம் கொடுத்து மற்றதற்கு ஒன்றுமே கொடுக்காதபோது, கிடைக்காத நாய் சீக்கிரமே கை கொடுப்பதை நிறுத்திவிட்டது. சுவாரஸ்யம் என்னவென்றால், ஒன்றுக்கு ரொட்டியும் மற்றதற்கு இறைச்சியும் கொடுத்தபோது அவை பொருட்படுத்தவில்லை. அதனால் ஒரே அளவு, ஒரே பண்டம் என்று நீங்கள் தராசு பிடிக்க வேண்டியதில்லை. ஒருவரை வெறும் கையோடு நிறுத்தாமல் இருந்தால் போதும். சாப்பாடு மூவருக்கும் தனித்தனி இடத்தில், கதவைச் சாத்தி. கடித்து விளையாடும் எலும்பும் அப்படித்தான். சமையல் நேரத்தில் சமையலறைக்குள் யாருமே வேண்டாம்.

நீங்களும் ஒரு "பொருள்"தான், சகோதரி. சொல்லப்போனால் உங்கள் வீட்டில் எல்லாவற்றையும்விட விலை கூடிய பொருள். 36 நாய்களை வைத்து கலிபோர்னியாவில் நடந்த ஒரு ஆய்வு 2014-ல் வெளியானது. வீட்டுக்காரர் ஒரு பொம்மை நாயைக் கொஞ்சுவது போல நடித்தார். நாய்கள் அவரை முட்டின, நடுவில் நுழைந்தன. கால்வாசி நாய்கள் அந்தப் பொம்மையைக் கடிக்கவே பாய்ந்தன. அதனால் சோபாவில் ஒருத்தியை அணைத்துக்கொண்டு இன்னொருத்தியைக் கூப்பிடுவது கொஞ்ச நாளைக்கு வேண்டாம். ஒவ்வொருவருக்கும் உங்களோடு தனியாக ஒரு கால்மணி நேரம் தினமும் கிடைக்கட்டும். மீனுவுக்குத் தரையிலேயே, மூன்று பக்கமும் வழியுள்ள இடத்தில் மெத்தையான படுக்கை போடுங்கள். அங்கே படுத்திருக்கும்போது யாரும் அவளைத் தொடக்கூடாது, குழந்தைகள் உட்பட. வேலையிலிருந்து திரும்பும்போது, நீங்கள் கதவைத் திறக்கும் முன்பே மூவரும் வெவ்வேறு இடத்தில் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். வாசலில் கொஞ்சல் இல்லை. பையை வைத்து, கை கால் கழுவி, வீடு அமைதியான பிறகு ஒவ்வொருவராகப் பாருங்கள்.

டாமியை நான் மறக்கவில்லை. அவன் குரைப்பது பயத்தால். இரண்டு பேர் சண்டையில் மூன்றாவது நாய் எப்போது வேண்டுமானாலும் உள்ளே புகலாம். புகுந்தால் கீழே விழுந்தவளுக்குத்தான் ஆபத்து. பரபரப்பு தெரிந்ததும் முதலில் அவனை வேறு அறைக்கு அனுப்புங்கள்.

சண்டை மூண்டுவிட்டால் கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் கையை நீட்டாதீர்கள். அந்த நேரத்தில் எது யாருடைய கை என்று நாய்க்குத் தெரியாது. பெரிய தட்டு, பலகை, நாற்காலி, தலையணை எதையாவது இருவருக்கும் நடுவில் தள்ளுங்கள். கனத்த போர்வையை மேலே போடுங்கள். பாத்திரத்தை ஓங்கித் தட்டுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள். பிரிந்ததும் சமாதானம் செய்யச் சேர்த்து நிறுத்தாமல் தனித்தனி அறையில் விடுங்கள். மேலே சின்ன ஓட்டையாகத் தெரியும் பல்காயம் உள்ளே ஆழமாக இருக்கும், மருத்துவர் பார்க்கட்டும். உங்களுக்குப் பல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள், வீட்டு நாய் தானே என்று இருந்துவிடாதீர்கள்.

இருவருக்கும் கருத்தடை ஆகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவில்லை என்றால், சண்டை நடந்த தேதிகளையும் பருவம் வந்த தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

மீனுவின் வலிக்கு மருந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான் சேர்த்துவைக்கும் வேலை. முதலில் வாசனை: அவள் பாய் இவளுக்கு, இவள் பாய் அவளுக்கு. பிறகு வீட்டுக்கு வெளியே, இரண்டு பெரியவர்கள், ஆளுக்கு ஒரு நாய், டாமி இல்லாமல். ஒருவரை ஒருவர் பார்த்தும் விறைக்காத தூரத்தில் ஒரே திசையில் நடங்கள். பத்து மீட்டரோ முப்பது மீட்டரோ, தூரத்தை நாய்கள் சொல்லும். ஒருத்தி மற்றவளைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் உடனே ஒரு தின்பண்டம். நாட்கள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குங்கள். வீட்டுக்குள் முதலில் தடுப்புக் கதவு, அதன் மேல் துணி. துணியை நாளுக்கு ஒரு விரல் அளவு ஏற்றுங்கள். இதற்கிடையே இருவருக்கும் கூடை மாதிரியான வாய்மூடி பழக்குங்கள். உள்ளே தின்பண்டம் வைத்து, அவர்களே மூக்கை நுழைக்கும்படி பொறுமையாக. மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் உள்ளதாக இருக்க வேண்டும். நாய்களின் நடத்தையில் அனுபவமுள்ள ஒருவர் கூட இருந்தால் நல்லது. ஆனால் கழுத்தை நெரிக்கும் சங்கிலியோ, அதிர்ச்சி தரும் பட்டையோ எடுத்து வருபவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். மற்றவளைப் பார்க்கும்போதெல்லாம் தனக்கு வலிக்கிறது என்றுதான் நாய் அதிலிருந்து படிக்கும்.

இவ்வளவும் செய்து சில மாதங்கள் கழித்தும் ஒருத்தியைக் கண்டால் மற்றவள் விறைத்தே நிற்கிறாள் என்றால், இரண்டு வழி உண்டு. வாழ்நாள் முழுக்கக் கதவு வைத்துப் பிரித்து வளர்க்கலாம். பல குடும்பங்கள் அதை ஒரு வழக்கமாக்கி நிம்மதியாக இருக்கின்றன. அதற்கு வீட்டில் இடமோ ஆளோ இல்லையென்றால், பொன்னி ஒற்றை நாயாக வளரக்கூடிய நல்ல வீட்டைத் தேடலாம். சண்டை நடந்ததை மறைக்காமல் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுப்பதை நான் கைவிடுவது என்று சொல்லமாட்டேன். இளையவளுக்குப் புது இடம் பழகிவிடும், 9 வயதில் மீனுவைப் பெயர்ப்பதுதான் கொடுமை.

அந்தக் கட்டம் இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது. மீனு சோபாவிலிருந்து இறங்குவதையும் மாடிப்படி ஏறுவதையும் செல்போனில் படம் பிடித்து எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அவருடைய அறையில் பரபரப்பில் பல நாய்கள் நொண்டாமல் நடந்துவிடும், வீட்டில் எடுத்த படம்தான் உண்மையைக் காட்டும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.