ஒரு நாள் சூடாகிறது, மறுநாள் ஒன்றுமில்லை: பழைய கார் கேள்வி-பதில்

அக்னி நட்சத்திரம் நெருங்கியதும் இன்ஜின் சூடு பற்றிய கேள்விகள் வரிசையாக வந்துவிட்டன. வந்து வந்து போகிற கோளாறு என்றால் ஒர்க்ஷாப்பில் விட்ட அன்று மட்டும் வண்டி ஒழுங்காக ஓடும். அதனால் எந்த வண்டி என்பதைவிட, எப்போது சூடு காட்டும் முள் ஏறுகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

2007 மாடல் வேகன் ஆர். சிக்னலில் நின்றால் சில நாள் முள் சிவப்பைத் தொடுகிறது, ஓட ஆரம்பித்ததும் இறங்கிவிடுகிறது. தெர்மோஸ்டாட்டும் (இன்ஜின் சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கூலன்ட்டும் மாற்றிவிட்டேன். இப்போது ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா? (வேளச்சேரி)

கொஞ்சம் பொறுங்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். கத்திப்பாரா நெரிசலில் நிற்கும்போது அந்த வேலை முழுவதும் ஃபேனின் தலையில்தான். நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் ஃபேன் மீதுதான்.

"ஃபேன் சுற்றுகிறதே, நானே பார்த்தேன்" என்பீர்கள். எப்போது பார்த்தீர்கள்? சிக்கல் வரும் நேரத்தில் பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் ஏசி போடாமல் இன்ஜினை ஐடிலில் 20 நிமிடம் ஓட விடுங்கள். முள் நடுவைத் தாண்டியும் ஃபேன் சுற்றவில்லையா? நீளமான மரக்கம்பால் மோட்டாரின் உடம்பில் லேசாகத் தட்டுங்கள். ஃபேன் எந்த நொடியும் சுற்றலாம், கை அருகே போகக் கூடாது. தட்டியதும் சுற்றினால் மோட்டாருக்குள் கார்பன் தேய்ந்துவிட்டது. அது ஒரு நாள் பிடிக்கும், ஒரு நாள் பிடிக்காது. உங்கள் கோளாறின் குணமும் அதேதானே?

தட்டியும் அசையவில்லை என்றால் ஃபேன் ரிலேவை (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) எடுத்துவிட்டு, அதே எண் போட்ட வேறொரு ரிலேவை மாட்டிப் பாருங்கள். அப்புறம் எர்த் ஒயர். கடற்காற்று படும் ஊரில் எர்த் போல்ட்டில் பச்சை பூத்திருப்பது சாதாரணம். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். இதையெல்லாம் பார்க்காமல் ரேடியேட்டருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அப்பா வாங்கிய சான்ட்ரோ. ஊருக்குள் பிரச்சினை இல்லை. ஜிஎஸ்டி ரோட்டில் 80-ஐத் தாண்டினால் சூடு ஏறுகிறது. (பல்லாவரம்)

முந்தைய கேள்விக்கு இது நேர் எதிர். எதிர்க்காற்று நிறைய இருந்தும் சூடாகிறது என்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டருக்கு என்ன ஊற்றி வந்தீர்கள்? போர் தண்ணீர், லாரி தண்ணீர் என்றால் வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாக அப்பிக்கொள்கிற அதே உப்பு ரேடியேட்டர் குழாய்களையும் அடைத்திருக்கும். மெதுவாகப் போகும்போது பாதி அடைத்த ரேடியேட்டரே போதும். வேகம் கூடினால் திணறும்.

கீழ் ஹோஸையும் பாருங்கள். அது பம்ப் தண்ணீரை உறிஞ்சும் பக்கம். பழைய ரப்பர் தொளதொளத்துப் போயிருந்தால், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஹோஸ் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். வேகத்தைக் குறைத்ததும் பழையபடி விரிந்துவிடும், அதனால் யார் கண்ணிலும் படாது. இரண்டும் சரி என்றால் வாட்டர் பாடியை, அதாவது அந்தத் தண்ணீர் பம்பை, கழற்றி, உள்ளே சுற்றும் இறக்கை அரித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இனிமேல் டிஸ்டில்ட் வாட்டரும் தண்ணீர் கலக்காத கூலன்ட்டும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடே ஆகாதாமே? (பெரம்பூர்)

தயவுசெய்து செய்யாதீர்கள். இன்ஜின் தன் சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், உண்மையான கோளாறும் தீராமல் ஒளிந்துகொள்ளும். சந்தேகம் இருந்தால் அதை ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க வேண்டும். கொதித்தும் திறக்கவில்லை என்றால் புதிது போடுங்கள்.

வாரம் அரை லிட்டர் கூலன்ட் குறைகிறது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. (தாம்பரம்)

விலை குறைந்த பொருளிலிருந்து ஆரம்பியுங்கள்: ரேடியேட்டர் மூடி. 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் காய்ந்த மூடி அழுத்தத்தை விட்டுவிடும். தண்ணீர் சீக்கிரமே கொதித்து ஆவியாகும்.

மூடியை மாற்றியும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகப்பட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் உதறுகிறதா? வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? இரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா? ஒன்று இருந்தாலும் பிளாக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவம் மஞ்சளாக மாறினால், எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தம். அதன்பின் வண்டியை ஓட்டாதீர்கள். அலுமினிய ஹெட் வளைந்துவிட்டால் செலவு பல மடங்கு.

குழந்தைகளோடு ஈசிஆரில் போகும்போது திடீரென முள் ஏறினால்? (அடையாறு)

ஏசியை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழு அளவில் திறந்து, ப்ளோயரை உச்சத்தில் வையுங்கள், ஜன்னல்களை இறக்குங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பகுதி வெளியேறும். அப்படியும் முள் இறங்காவிட்டால் நிழலில் ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். முள் சட்டென்று கீழே விழுந்தாலும் நம்ப வேண்டாம். தண்ணீர் முழுவதும் போய்விட்டால் சென்சார் சரியாகக் காட்டாது. குறைந்தது 45 நிமிடம் ஆற விடுங்கள். மேல் ஹோஸைத் தொட்டால் சுடாத நிலை வந்தபின், தடித்த துணி போட்டு, மூடியை மெதுவாகத் திருகுங்கள். அதுவரை குழந்தைகள் யாரும் பானட் பக்கம் வர வேண்டாம்.