குடும்பிமலையில் ஆதிமனிதர் எலும்பு கிடைக்குமா?

மட்டக்களப்பு ஏ.எல் மாணவி ஒருவரின் கேள்வி: "புவிச்சரிதவியல் படித்தால் ஆதிமனிதரை ஆராயலாமா? குடும்பிமலையில் தேடலாமா?"

தாராளமாக ஆராயலாம். எலும்பைத் தோண்டுவது பாதி வேலைதான். அதன் வயதென்ன, அன்று அங்கே ஏரியா புல்வெளியா என்று சொல்ல மண்ணையும் பாறையையும் படித்த ஆள் வேண்டும். கிழக்கு ஆபிரிக்காவில் அவருக்குக் கைகொடுப்பது எரிமலைச் சாம்பல். அதிலுள்ள சிறு பளிங்குகளுக்குள் பொற்றாசியத்தில் ஒரு பங்கு சிதைந்து ஆகன் வாயுவாகச் சேர்ந்துகொண்டே வரும். அதை அளந்தால் சாம்பல் விழுந்த காலம் பிடிபடும். தன்சானியாவின் லாயிட்டோலி என்ற இடத்தில் ஆதிமனிதர் சாம்பலில் பதித்த காலடித் தடங்கள் ஏறத்தாழ 36 இலட்சம் ஆண்டு பழையவை என்றது இப்படித்தான்.

குடும்பிமலையா? அது நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. மனித இனத்தைவிடப் பல கோடி ஆண்டு மூத்தது. அந்தப் பாறைக்குள் எலும்பு இராது. சரி, ஊரிலேயே தொடங்க ஆசையென்றால் வாவியோரச் சேற்றுப் படைகளைப் பாருங்கள். பழைய கடல்மட்டத்தின் தடயம் அதில் இருக்கும்.