அப்பா பெயரில் வீடு, உங்கள் பெயரில் கடனா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில், அப்பா விட்டுச் சென்ற பழைய இரண்டு மாடிக் கடைவீட்டைப் புதுப்பிக்கிறேன். 50,000 வெள்ளி தனிநபர் கடன் எடுத்துச் செலவாகிவிட்டது. மேல்தட்டைப் பிரித்தால் உத்திரங்களில் கரையான், சுவரில் வெடிப்பு, கீழ்ச்சுவர் முழுக்க ஈரம். வேலையை எடுத்த குத்தகையாளர் இன்னும் 80,000 கேட்கிறார். கோலாலம்பூரில் உள்ள அண்ணன், "நீ இப்போதைக்குப் போடு, ஹோம்ஸ்டே விட்டு எடுத்துக்கொள்ளலாம்" என்கிறார். என் சம்பளம் 5,200. அம்மா இருக்கிறார், பிள்ளைகள் நாங்கள் நால்வர். உயில் இல்லை, நிலப்பட்டா இன்னும் அப்பா பெயரில். மறுபடியும் கடன் எடுக்கவா, மைத்துனி நடத்தும் கூட்டில் (சீட்டில்) சேரவா?

பதில்: இரண்டும் வேண்டாம். கரையானைவிட எனக்குக் கவலை தருவது, அண்ணன் "இப்போதைக்குப் போடு" என்றதும் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடும் பழக்கம்.

தோராயமாகக் கணக்குப் பார்ப்போம். கடைசிவரை முழு அசலுக்கும் போடும் நிலையான வட்டி 7 விழுக்காடு, 7 ஆண்டு என்று வைத்தால், 80,000க்கு வட்டி மட்டும் 39,200. மாதம் 1,420 கட்ட வேண்டும். முதல் கடனுக்கு ஏறக்குறைய 890. இரண்டும் சேர்த்து 2,310, சம்பளத்தில் பாதியை நெருங்குகிறது. அந்த 7 விழுக்காடு, குறையும் அசலோடு ஒப்பிட்டால் உண்மையில் 12க்கு மேல்.

யாருடைய வீட்டுக்கு இது? தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர் உயில் இல்லாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம்தான். அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டி இல்லையென்றால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகள்களுக்கும் அதே பங்குதான். அப்படியென்றால் உங்கள் பங்கு ஆறில் ஒன்று. இரண்டு கடனுக்கும் வட்டியோடு நீங்கள் கட்டப்போவது 1,93,700. அதில் உங்கள் பங்குக்குச் சேருவது சுமார் 32,000. மிச்சம் முழுவதும் மற்றவர்கள் சொத்துக்கு, எழுத்தில் ஒரு வரி கூட இல்லாமல்.

பெயர் மாற்றாததால்தான் வீட்டை அடமானம் வைத்துக் குறைந்த வட்டியில் கடன் வாங்கவும் முடியவில்லை. அதனால் முதலில் ஐவரும் நில அலுவலகத்துக்குப் போய்ச் சொத்துப் பகிர்வுக்கு மனுச் செய்யுங்கள். நீங்கள் இதுவரை போட்ட 50,000ஐ எழுதி, அண்ணன் உட்பட எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அண்ணன் கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும், தவணை கட்டுவது நீங்கள்.

வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். உத்திரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கூரை ஒழுகலை மட்டும் அடைக்கட்டும். பிறகு குத்தகையாளருக்குச் சம்பந்தமில்லாத ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் செலவைத் தவிர்க்காதீர்கள். பக்கத்துக் கடையோடு பொதுச்சுவர் என்றால் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஈரச் சுவரில் சிமெண்டு பூசி வெள்ளையடிக்கும் செலவு அந்த 80,000க்குள் இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். சுண்ணாம்புப் பூச்சுள்ள பழைய செங்கல் சுவரில் சிமெண்டு ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும், பூச்சு மறுபடியும் உதிரும்.

ஹோம்ஸ்டே பற்றி ஒரே வார்த்தை. சுங்கை சிப்புட்டில் வாரநாளில் யார் வந்து தங்குவார்கள் என்று அண்ணனிடமே கேளுங்கள். கூட்டு நடத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. பணம் போனால் புகார் கொடுக்கவும் தயங்குவீர்கள்.

இப்போதுள்ள தவணையே பளுவாக இருந்தால் ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போங்கள். ஆலோசனை இலவசம். சம்பளச் சீட்டையும் கடன் ஒப்பந்தத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.