கற்பனைப் போர்க்கதைகளில் பாலைவனத்தைக் கடக்கும் தளபதி ஏன் அவ்வளவு கடுமையாக முடிவெடுக்கிறான்?

பாலைவனப் படைநடை என்பது, கையிருப்புத் தண்ணீர் தீருமுன் ஒரு சேனையை அடுத்த நீர்நிலைக்குக் கொண்டு சேர்ப்பது. எதிரி, பூதம், மந்திரவாதி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடிப்படைக் காரணம் எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கடும் வெயிலில் நடப்பவர் மணிக்கு ஒரு லிட்டர்கூட வியர்வையாக இழக்கலாம். குதிரைக்கோ நாளுக்கு 30 லிட்டரும் போதாமல் போகும். தண்ணீர் சுமக்கும் விலங்கே அதில் பெரும்பங்கைக் குடித்துவிடும்! ஆகவே காயம்பட்டவருக்காக ஒரு மணி நேரம் நின்றால், அது மற்ற எல்லாருடைய தோல்பையிலிருந்தும் குறைகிறது.

கோலாலம்பூர்க்காரர்கள் தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் இரவில் புறப்பட்டுப் பத்துமலைக்குப் போகிறது. வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். பந்தல்களை எல்லாம் எடுத்துவிட்டு, அதே கூட்டத்தை உச்சிவெயிலில் நடக்கவிட்டால் யாருக்காக நிற்பீர்கள்?

கி.மு. 325இல் அலெக்சாந்தரின் படை இன்றைய பலுசிஸ்தான் பாலையைக் கடந்தபோது, பசித்த வீரர்கள் சுமை விலங்குகளைக் கொன்று தின்றுவிட்டு, அவை தாகத்தால் செத்தன என்றார்களாம். அவர் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தார் என்கிறது பழைய கிரேக்க வரலாறு. கண்டுகொள்ளாமல் விடுவதும் ஒரு முடிவுதான். கதாசிரியர்கள் இதை அதிகம் தொடுவதில்லை.

மிடறு மிடறாகக் குடித்தால் தண்ணீர் மிச்சமாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் குறைவாகக் குடிப்பதால் வியர்வை அவ்வளவாகக் குறையாது, பகலில் நிழலில் படுத்து இரவில் நடந்தால்தான் குறையும்.