கத்தரிக் குடும்பம்: கேட்டதும் சொன்னதும்

தக்காளி, மிளகாய், உருளை, கத்தரி எல்லாம் ஒரே குடும்பமாமே? பார்த்தால் அப்படித் தெரியவில்லையே!

காயைப் பார்க்காதீர்கள், பூவைப் பாருங்கள். ஐந்து இதழ்கள் அடியில் ஒட்டி நட்சத்திரம் போல விரியும். கத்தரி, தக்காளிப் பூவின் நடுவில் மஞ்சளாக ஒரு கூம்பு இருக்கும். கருவண்டு அதைக் கட்டிக்கொண்டு 'ர்ர்ர்' என்று அதிர்ந்தால் மகரந்தம் நன்றாகக் கொட்டும். இந்தக் குடும்பத்தில் சுமார் 2,700 இனங்கள். கிட்டத்தட்டப் பாதி, கத்தரியின் பேரினமான சொலானத்தில் மட்டுமே.

இவ்வளவும் நம் ஊர்ச் செடிகளா?

இல்லை. இனங்கள் மிக நெருக்கமாக இருப்பது தென் அமெரிக்காவில், அதிலும் ஆண்டிஸ் மலைத்தொடரில். மலை ஏற ஏறக் குளிரும் மழையும் மாறும். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு செடிகள் தனித்தனியாகப் பிரிந்துபோயின. உருளையை முதலில் பயிரிட்டது அங்கேதான். தக்காளி, மிளகாய், புகையிலைக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். போர்த்துகீசியர் கொண்டுவருவதற்கு முன் நம் சமையலில் காரத்துக்கு மிளகுதான். மிளகு வேறு குடும்பம். ஆனாலும் வந்தவனுக்கு அதன் பெயரையே கொடுத்து மிளகாய் என்றோம்.

அப்படியானால் 'தக்காளி' என்ற சொல் மட்டும் எப்படிப் பழையது?

நல்ல கேள்வி. அது முதலில் சொடக்குத் தக்காளி போன்ற சிறு பழச்செடிகளுக்கான பெயர். பெரிய சிவப்புப் பழம் வந்தபோது சீமைத்தக்காளி என்றார்கள். அப்புறம் சீமை உதிர்ந்துவிட்டது. சின்ன வயதில் சொடக்குத் தக்காளியின் உறையை நெற்றியில் அடித்து 'டப்' என்று உடைத்திருப்பீர்களே, அதே மாதிரி உறையோடு 5.2 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவம் அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில் கிடைத்திருக்கிறது. 2017இல் அதை அறிவித்தபோது இந்தக் குடும்பத்தின் வயதையே கூட்டிக் கணக்கிட வேண்டியதாயிற்று.

கத்தரியாவது நம்முடையதா?

ஆமாம், ஆசியாவில் பயிரானது. அதன் காட்டு உறவுக்காரச் செடி இன்றும் நம் தரிசு நிலங்களில் முள்ளோடு நிற்கிறது. தூதுவளை, கண்டங்கத்தரியும் இந்தப் பக்கத்தவைதான். சுண்டை மட்டும் ஏமாற்றும்: வத்தக்குழம்பில் எத்தனை உரிமையோடு மிதந்தாலும் அது அமெரிக்காவிலிருந்து வந்தது.

மாடித் தோட்டத்தில் கத்தரி அடிக்கடி வாடுகிறது. சுண்டையில் ஒட்டலாம் என்கிறார்களே?

ஒட்டலாம். இரண்டும் சொலானம், ஒன்றையொன்று ஏற்கும். மண்ணில் வரும் பாக்டீரியா வாடலையும் நூற்புழுவையும் சுண்டை வேர் நன்றாகத் தாங்கும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் சுண்டைக் கிளைகளை மட்டும் கிள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் கத்தரியை அமுக்கிவிடும்.

சர்க்கரைவள்ளியும் உருளைக்குச் சொந்தமா?

பங்காளி என்று வேண்டுமானால் சொல்லலாம். அது பக்கத்துக் குடும்பம். பூ புனல் மாதிரி இருக்கும்.

ஊமத்தையும் இதில்தான் என்றால் பயமாக இருக்கிறது.

ஊமத்தைக்குப் பயப்படத்தான் வேண்டும். விதை, இலை, பூ எல்லாமே விஷம். உருளையிலும் பச்சை படிந்த இடத்தில் நஞ்சு கூடும். லேசான பச்சை என்றால் ஆழமாகச் சீவிவிடுங்கள், நிறையப் பரவியிருந்தால் தூக்கிப் போடுங்கள். வேகவைத்தாலும் போகாது.