கோணல் வாயும் கொடுமணலும்

அன்புள்ள ஐயா,
கோவையில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டுப் பாண்டிச்சேரியில் பானை வனையக் கற்றேன். இப்போது சென்னிமலைப் பக்கம் ராக்கு என்னும் ஜப்பானிய முறையில் மண்கிண்ணங்கள் சுடும் சூளை வைத்திருக்கிறேன். பாதிக் கிண்ணங்கள் விரிந்துவிடுகின்றன, மீதிக்கு வாய் கோணல். கண்காட்சியில் ‘குறையின் அழகு’ என்கிறார்கள். அம்மா ‘ஒழுகுற சட்டி’ என்கிறார். நம் மண்ணில் இல்லாததை ஜப்பானிடம் கடன் வாங்கியதால்தான் இப்படியா? என்ன விலை வைப்பது?
ஒரு வாசகி

அன்புள்ள அம்மிணி,

விலையை வாங்குகிறவர்களிடம் பேசிக்கொள். கடன் என்றாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன். நொய்யல் கரையில், உனக்குப் பக்கத்திலேயே கொடுமணல் இருக்கிறது. அங்கே தோண்டியெடுத்த கறுப்பு சிவப்புப் பானைகள் 2000 ஆண்டுகளுக்கும் முந்தையவை. காற்றுப்பட்ட இடம் சிவப்பு, காற்றில்லாமல் புகையில் வெந்த இடம் கறுப்பு. நீ கிண்ணத்தைத் தணலாக இடுக்கியில் எடுத்து மரத்தூளில் போட்டு மூடுவதும் அதே புகைக்காகத்தானே? அந்த மரத்தூள் வழக்கமும் பழைய ஜப்பானுடையது அல்ல, 1960களில் அமெரிக்காவில் பால் சோல்ட்னர் என்ற குயவர் பரப்பியது. 16ஆம் நூற்றாண்டில் கியோட்டோவில் சோஜிரோ என்ற குயவர், தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவுக்காகச் சக்கரமில்லாமல் கையாலேயே பிடித்து, சுரண்டிச் சுரண்டி உருவாக்கியவைதான் பழைய ராக்குக் கிண்ணங்கள். எவ்வளவு பொறுமை வேண்டும்!

சின்ன வயதில் பொங்கல் பானை வாங்கப் போனால், எங்கள் ஊர் மண்ணுடையார் வீட்டு ஆத்தா விரலை மடக்கித் தட்டிப் பார்த்துத்தான் தரும். சத்தம் மங்கினால் ஒதுக்கிவிடும். பாதி விலைக்காவது கொடு என்று ஒருவர் கெஞ்சினார். “பொங்கற அன்னைக்கு அடுப்புல உட்டுப்போச்சுன்னா என்ர பேரைத்தானுங்க சொல்லுவீங்க” என்று மறுத்துவிட்டது. அதே பானைகளில் தீ நக்கிய கருந்திட்டுகள் இருந்தன. அதைக் குறையென்று ஆத்தாவும் சொன்னதில்லை, வாங்கியவர்களும் சொன்னதில்லை.

உன் கிண்ணத்தின் கண்ணாடி மெருகில் ஓடும் கறுத்த மயிரிழைக் கீறல்கள் நெருப்பின் வேலை, அவற்றை ஏற்றுக்கொள். அடி விரிவது உன் வேலை. அதற்கு அழகென்று பெயர் வைக்காதே, எனக்குக் கோபம் வருகிறது. மண்ணில் மணலும் சுட்ட ஓட்டுத்தூளும் கூட்டு. சுவர் ஒரே கனமாக இருக்கட்டும். ஈரம் போகுமுன் சூளையில் அடுக்காதே. வாய் தானாகக் கோணினால் இருக்கட்டும், கண்காட்சிக்காகக் கோணலாக்கினால் உடைத்துப்போடு.

அம்மா சொல்வது சரிதான். சுமார் 1000 டிகிரியில் வெந்த மண் முழுதாக இறுகாது, மெருகிலும் கீறல், தண்ணீர் கசியத்தான் செய்யும். ரசத்துக்கு என்று யாருக்கும் விற்காதே. அடுத்த சூளை வைக்கும்போது தேதி எழுது, வருகிறேன். விரிந்தவற்றையும் எடுத்துவை, எந்த இடத்தில் விரிந்தது என்று சேர்ந்தே பார்ப்போம்.